துணை என்று எழுதிய படிவம்

“எந்தக் கை எழுதுச்சு? அந்தக் கையக் காட்டுங்க!”

“நெல்லக் கிண்டு அம்சம், வெயில் போவுது—”

“ஒம்பது வருஷமா துணைக் கோச்சு. பத்தாவது வருஷமும் எனக்கு அதே போதும்னு தானா எழுதிக் குடுக்குற ஆளு—”

“—பழக்கத்துல எழுதிட்டேன். அதுக்கு நடுரோட்டுலயா கத்துவ?”

நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால், தார்ச் சாலையின் ஒரு பக்கம் முழுக்கக் குறுவை நெல் காய்ந்துகொண்டிருந்தது. ரெத்தினமும் அவர் மனைவி அம்சமும் ஆளுக்கொரு ஓரமாகக் காலால் கிளறிக்கொண்டே நடந்தார்கள். இந்த வருஷம் நல்ல விளைச்சல். மழையும் நாலு நாளாக எட்டிப் பார்க்கவில்லை. சண்டை போடக்கூட அம்சத்துக்குத் தெம்பாக இருந்தது.

விஷயம் இதுதான். ரெத்தினம் வேலை பார்க்கும் தொழில்முறைக் கபடி அணியில் தலைமைப் பயிற்சியாளர் இடம் காலி. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்று நிர்வாகம் படிவம் அனுப்பியது. எந்தப் பதவிக்கு என்று கேட்ட இடத்தில், வருஷா வருஷம் எழுதிக் கைக்குப் பழகிப்போன ‘துணைப் பயிற்சியாளர்’ என்பதையே எழுதி அனுப்பிவிட்டார் மனுஷர். காலையில் அவர் போனில் அதைப் பார்த்ததிலிருந்து அம்சத்துக்கு ஆறவில்லை.

“மூணு பெரிய கோச்சு வந்தாங்க, போனாங்க. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எறங்குற ஏழு பேரு யாருன்னு சீட்டு எழுதுனது யாரு?”

“நான்.”

“கையெழுத்து?”

“அவங்க.”

“ஏன்?”

ரெத்தினம் சிரித்தார். “‘ரெத்தினத்துக்குக் காலும் மூச்சும் கெட்டி, தலைமைப் பண்புதான் கொஞ்சம்…’னு இழுப்பாங்க.”

“காலனித் தெருக்காரன் மண்ணுல பொரளலாம், நாற்காலியில உக்காரக் கூடாது. அதத்தான இழுக்குறாங்க?”

“இதுவரைக்கும் யாரும் வாயத் தொறந்து சொன்னதில்லடி. சொல்லாம இருக்குறதுல கெட்டிக்காரங்க.”

புங்க மரத்தடியில் டப்பாவைத் திறந்து புளிச்சோறும் கருவாடும் வைத்தாள். ரெத்தினம் ரசித்துச் சாப்பிட்டார்.

“வாய்தான் காரம். சோத்துல எல்லாம் அளவா இருக்கு.”

“சிரிக்காதீங்க, எனக்கும் சிரிப்பு வந்துரும்.”

அப்போதுதான் போன் அடித்தது. அணி மேலாளர் சாய்ராம். மன்னார்குடிப் பக்கம் நிலத்தோடு இருந்து, விற்றுவிட்டுச் சென்னைக்குப் போன குடும்பம். அந்த நிலத்தில் நாற்று பறித்தவர் ரெத்தினத்தின் தாத்தா. இரண்டு பேருக்கும் அது தெரியும், பேசிக்கொண்டதில்லை. அம்சம் ஸ்பீக்கரைப் போட்டாள்.

“ரெத்தினம்! அறுப்பு முடிஞ்சுதா? உங்க ஃபார்ம் பாத்தேன், ரொம்ப சந்தோஷம். நீங்க கூட இருந்தாப் போதும், ஹெட் கோச்சா யார் வந்தாலும் சமாளிச்சுக்கலாம்.”

‘சரிங்க சார்’ இப்போது வந்துவிடும் என்று அம்சம் புருஷன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்பது வருஷமும் அதுதானே வந்தது.

“சார், அந்த ஃபார்ம்ல ஒரு தப்பு நடந்துட்டு.”

“என்ன தப்பு?”

“துணைன்னு எழுதிட்டேன். நான் கேக்குறது தலைமைக் கோச்சு.”

அந்தப் பக்கம் சின்னதாக ஒரு சிரிப்பு.

“ரெத்தினம்… பசங்களுக்கு உங்க மேல பாசம் உண்டு, இல்லேங்கல. ஆனா நீங்க சொன்னா கேப்பாங்களா?”

ரெத்தினம் சோற்றுக் கையோடு எழுந்து நின்றார். குரல் மட்டும் உயரவில்லை.

“இத்தன வருஷமா யாரு சொல்லிக் கேக்குறாங்க சார்?”