யூரியாத் தொட்டியில் தண்ணீர்

மண் அள்ளும் இயந்திரம் மூன்று நாளாக வேகமெடுக்காமல் முக்கிக்கொண்டிருந்தது. புகைக்குழாயில் கோளாறு என்று திரை காட்டியதால் மெக்கானிக் சென்சாரை மாற்றினாள், ஒயர்களைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் பலிக்காமல் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வண்டியை ஓட்டும் அவளுடைய அண்ணனோ குட்டி போட்ட பூனைபோல் சுற்றிச் சுற்றி வந்தான்.

கடைசியில், புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் யூரியாத் திரவத்தில் ஒரு சொட்டு எடுத்துச் சோதித்தாள். இருக்க வேண்டிய யூரியாவில் பாதிகூட இல்லை, கூடுதலாகத் தண்ணீர் கலந்திருந்தது; அதனால்தான் இயந்திரம் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

“அண்ணா, இதுல என்ன ஊத்தின?”

“யூரியா தீந்துபோச்சு. வேலை நிக்கக்கூடாதேன்னு தண்ணிய ஊத்திட்டேன். சொல்ல வாய் வரல.”

“மூணு நாளா என்னைப் பைத்தியமா ஆக்கிட்டியே!”

தூரத்தில் சூப்பர்வைசர் வந்துகொண்டிருந்தார்.

“நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?”

அண்ணன் அவரை நோக்கி நடந்தான். அவள் தொட்டியைக் காலி செய்யத் தொடங்கினாள். காது மட்டும் அவர்கள் பக்கமே இருந்தது.