திருப்பதி, இருக்கீங்களா?

குளிர்பெட்டியோடு வந்த ஆள் பிளக் பாயின்ட் தேடி வீட்டையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டான். கூடத்தில் இருந்தது பொசுங்கிப்போய் ஒரு வருடமாகிறது. எழிலரசனின் அறையில் இருந்த ஒன்றுதான் உருப்படி. அதில் செருகியிருந்த லேப்டாப் வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் பெட்டியின் வயரை இழுத்துவந்து செருகினான். பெட்டி உறும ஆரம்பித்தது. உள்ளே முப்பத்தொன்பது வயது மகன் எழிலரசன் படுத்திருப்பதைத் திருப்பதி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

மேசை மேல் திறந்தபடியே இருந்த லேப்டாப் ‘டிங்’ என்றது.

அந்தச் சத்தம்தான் காலையில் அவரை ஏமாற்றியது. முல்லையைப் பறித்துக் கீரமங்கலம் பூச்சந்தைக்கு அனுப்பிவிட்டு ஆறு மணிக்கு வந்தபோது, கதவுக்குப் பின்னால் டிங் என்றது. எழுந்துவிட்டான் என்று காபியை அறை வாசலில் வைத்தார். எட்டு மணிக்கும் டிங். காபியில் ஆடை கட்டியிருந்தது. குடிக்கக்கூடத் துரைக்கு நேரமில்லை என்று முணுமுணுத்துக்கொண்டே தோட்டத்துக்குப் போனார். பத்து மணிக்குக் கதவைத் தள்ளியபோது அவன் நாற்காலியில் தலை சாய்ந்து கிடந்தான். மாரடைப்பு, விடியும் முன்பே போயிருக்கும் என்றார் டாக்டர்.

மனைவி போன பிறகு அப்பனும் மகனும் பேசிக்கொண்டதெல்லாம் சோறு, மோட்டார், மழை, அவ்வளவுதான். கடைசியாகப் பேசியது மூன்று நாளைக்கு முன்னால். “அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொறடா” என்றார். அவன் குறைத்தானா இல்லையா என்று அவர் கவனிக்கவில்லை.

தம்பி அழகுமலை பக்கத்தில் வந்து நின்றான். “அண்ணே, எழிலுக்குன்னு சேத்தாளி, கூட்டாளி யாரும் உண்டா? சொல்லி விடணும்ல.”

திருப்பதிக்கு ஒரு பெயரும் தெரியவில்லை. பந்தலில் இருந்த முப்பது பேரும் அவருக்காக வந்தவர்கள். கல்யாணமும் இல்லை, கூட்டாளியும் இல்லை. இவனுக்கென்று அழ உலகத்தில் ஒரு ஆள்கூடவா இல்லாமல் போயிற்று என்று நினைத்தபோது, செத்ததைவிட அது பெரிதாக வலித்தது.

ஒரு மணிக்குப் புதுக்கோட்டையிலிருந்து சத்யா வந்தாள். எழிலரசன் வேலை பார்த்த கல்லூரி நூலகத்தில் அவனுக்கு அடுத்த மேசை. மாலையை வைத்துவிட்டு ஒதுங்கி நின்றவள், டிங் கேட்டு அறைக்குள் எட்டிப் பார்த்தாள்.

“அப்பா, இவங்களுக்கு யாரும் சொல்லலையா?”

“எவங்களுக்கு ஆத்தா?”

“சார் பேசுற குரூப்பு. லைப்ரரியில புத்தகம் தேடுற புரோகிராம் ஒண்ணு இருக்குப்பா. பல நாட்டுக்காரங்க சேர்ந்து சும்மாவே எழுதித் தர்றாங்க. மொதல்ல அதுல தமிழ்ல தேடினா எழுத்தோட கொம்பு ஒருபக்கம், கால் ஒருபக்கம் பிரிஞ்சு கெடக்கும், புத்தகம் வராது. சார்தான் ஒக்காந்து சரி பண்ணினார்.”

திருப்பதி திரையைப் பார்த்தார். வரிவரியாக ஆங்கிலம்.

“காலையிலேர்ந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க” என்றாள். சொல்லத் தயங்கிப் பிறகு தமிழில் படித்தாள். “‘திருப்பதி, இருக்கீங்களா?’ ஆறு மணிக்கு ஒண்ணு. எட்டு மணிக்கு ஒண்ணு. ‘திருப்பதி, பதிலே காணோமே, ஒடம்பு சரியில்லையா?’”

“என் பேரு அங்க எப்படி ஆத்தா?”

“மொதல்ல சேரும்போது இனிஷியல விரிச்சு எழுதச் சொல்லும்பா. திருப்பதி எழிலரசன்னு போட்டுட்டார். முன்னாடி இருக்கிறதுதான் பேருன்னு அவங்க எடுத்துக்கிட்டாங்க. பதினோரு வருஷமா திருப்பதி, திருப்பதின்னுதான் கூப்பிடுறாங்க. மாத்திடலாமே சார்னு ஒருதரம் கேட்டேன். இருக்கட்டும், எங்கப்பா பேருதானேன்னுட்டார்.”

திருப்பதி கட்டிலில் உட்கார்ந்தார்.

“சொல்லிரு ஆத்தா” என்றார்.

அவள் நின்றபடியே நாலு வரி தட்டினாள். ஒன்றும் வரவில்லை. பிறகு டிங் என்றது. மறுபடியும். அப்புறம் விடாமல்.

“என்ன சொல்றாங்க?”

“ஒருத்தர், நம்ப முடியல, நேத்து ராத்திரி ரெண்டு மணிக்குக்கூட எனக்குச் சொல்லிக் குடுத்தாரேங்கிறார். இன்னொரு அம்மா ஏதோ பனி ஊர்ல லைப்ரரி வெச்சிருக்காங்க. அங்க நாப்பது தமிழ்ப் புத்தகம் இருக்காம். தமிழே தெரியாம நான் அதை அடுக்குறேன்னா அது திருப்பதியாலதான்னு…” சத்யா அடுத்த வரிக்குப் போனாள். “நான் அழுதுக்கிட்டிருக்கேன்னு போட்டிருக்காங்கப்பா.”

நாலு மணிக்கு எடுத்தார்கள். கிளம்பும்போது சத்யா அவரிடம் மெதுவாகச் சொன்னாள். “லேப்டாப்புல சார்ஜு கொஞ்சம்தான் இருக்குப்பா. அணைஞ்சிருச்சுன்னா தெறக்க முடியாது. பாஸ்வேர்டு சாருக்கு மட்டும்தான் தெரியும்.” ஊர்வலத்தின் இரைச்சலில் அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

தனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவனுக்குத் தான் வைத்துவிட்டு, குளத்தில் முழுகி, ஈர வேட்டியோடு திருப்பதி வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் மிச்சமிருந்தது. சத்யா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். குளிர்பெட்டியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கழுவிவிட்ட கூடத்தில் பினாயில் வாடை அடித்தது.

“ஈரத்த மாத்துங்கண்ணே” என்றான் அழகுமலை. அவர் கேட்காதவர்போல அறைக்குள் போனார். லேப்டாப் திரை மங்கியிருந்தது. மூலையில் ஏதோ சிவப்பாக மின்னியது.

கீழே கிடந்த வயரைத் தேடி எடுத்தார். கையை வேட்டியில் துடைத்துப் பார்த்தார், வேட்டியும் ஈரம். போர்வையை இழுத்துத் துடைத்துக்கொண்டு, காலையில் பிடுங்கிய இடத்திலேயே செருகினார். திரை தெளிந்தது. மகனின் நாற்காலியை இழுத்து அதன் முன்னால் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

“தனியா இங்க என்னண்ணே பண்றீங்க? அங்கிட்டு வாங்க” என்று அழகுமலை கூப்பிட்டான்.

டிங் என்றது.

“இருக்கேன்” என்றார் திருப்பதி.