ஹெர்பர்ட் வண்டியின் ஷாக் அப்சார்பர்

ஞாயிற்றுக்கிழமை தமிழ் ஆராதனை முடிந்ததும், பக்கத்துத் தெருவில் குடியிருக்கும் பாஸ்டர் தங்கராஜைத் தன் காரில் இருவர் வீடும் இருக்கும் விஷ்ராந்த்வாடிக்குக் கூட்டி வருவது ஹெர்பர்ட்டின் பிறப்புரிமை. சபையில் யாரும் அவருக்கு அதை எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் தட்டிக் கேட்டதும் இல்லை. காருக்கும் வயதாகிவிட்டது, அவருக்கும் வயதாகிவிட்டது. ஆனால் கொஞ்ச நாளாகப் பாஸ்டர், "வேண்டாம் அண்ணாச்சி, ரிக்‌ஷாலயே போயிக்கிடுதேன்" என்று நழுவிக்கொண்டிருந்தார். ஸ்பீட் பிரேக்கரில் வண்டி குதித்த குதியில் அவர் தலை கூரையில் இடித்த கதையைச் சபையே அறியும்.

"வண்டியில ஷாக் அப்சார்பர் போயிருக்கு" என்றார் ஹெர்பர்ட்.

"கண்ண டாக்டர்ட்ட காட்டுங்கன்னு சொன்னா, நீங்க வண்டிய மெக்கானிக்ட்ட காட்டுதீங்க" என்றாள் மனைவி எல்சி.

ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று நாமும் சொல்லியிருப்போம். பாருங்கள், கூடம் உண்மையிலேயே கோணலாகத்தான் இருந்தது. ஆளந்தி ரோட்டு மெக்கானிக் வண்டியின் பின்பக்கத்தை ஓர் அமுக்கு அமுக்கிக் கையை எடுத்தான். வண்டி மேலும் கீழும் ஆடி ஓயவே இல்லை. குனிந்து பார்த்தால், இரண்டு ஷாக்கிலும் எண்ணெய் கசிந்து அழுக்கு அப்பியிருந்தது. "தோனோ கயே, அங்கிள்" என்றான் இந்தியில். ரெண்டும் போச்சு. கொலை வழக்கில் விடுதலையானவர்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார். ஹெர்பர்ட் எல்சிக்குப் போன் போட்டு, அவனை அதையே இன்னொரு தரம் சொல்ல வைத்தார்.

புது ஷாக் பூட்டியாயிற்று. பழைய இரண்டையும் செய்தித்தாளில் சுற்றிக் கோயிலுக்கே கொண்டுபோனார். ஆராதனை முடிந்து வாசலில் நின்ற பாஸ்டரின் வெள்ளை அங்கியில் எண்ணெய் படாத குறையாக நீட்டி, "எல்லாம் இந்த ரெண்டு பாவியும் பண்ணுன வேல" என்றார். இவ்வளவு சாட்சியத்துக்குப் பிறகு பாஸ்டர் என்ன செய்வார், பாவம். முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். எல்சி பின்னால் ஏறினாள்.

வண்டி பள்ளங்களில் அலுங்காமல் இறங்கி ஏறியது. ஹெர்பர்ட் ஷாக்கின் மகிமையைப் பேசிக்கொண்டே ஓட்டினார். விஷ்ராந்த்வாடித் தெருவுக்குள் திரும்பியதும் ஒரு ஸ்பீட் பிரேக்கர். நேற்றுத்தான் பூசியதுபோல் மஞ்சளும் வெள்ளையும் பளிச்சென்று இருந்தது. எல்சி "ஏங்க" என்பதற்குள் வண்டி வேகம் குறையாமல் ஏறிக் குதித்தது. பாஸ்டரின் தலை பழைய இடத்திலேயே போய் இடித்தது.

வண்டியை ஓரமாக நிறுத்தினார். எல்சி பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துப் பாஸ்டரிடம் நீட்டினாள். அவள் நன்றாகத் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது ஹெர்பர்ட்டுக்கு.

பாஸ்டர் தலையைத் தடவிக்கொண்டே, "நான் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டா அண்ணாச்சி? புது ஷாக்கு எப்படின்னு தெரியணும்லா" என்றார்.

இடம் மாறினார்கள். அடுத்த ஸ்பீட் பிரேக்கரை வண்டி தாண்டியதே தெரியவில்லை. அதற்கடுத்ததும் அப்படியே. ஹெர்பர்ட் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். இரண்டையும் வண்டி ஏறிய பிறகுதான் கண்டார். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

"ஷாக்கு அருமையாப் போட்டிருக்கான்" என்றார் பாஸ்டர், மனதார.

"ஆமா" என்றார் ஹெர்பர்ட்.

அன்று முதல் பாஸ்டர் ரிக்‌ஷா தேடுவதே இல்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஹெர்பர்ட்டின் காரில்தான் வீட்டுக்குப் போகிறார். ஆராதனை முடிந்ததும் சிரித்துக்கொண்டே கையை நீட்டுகிறார்; ஹெர்பர்ட் சாவியைக் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.