கெதாலியாவின் தெஃபிலின்

கெதாலியா தன் தெஃபிலினைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டார். மனைவி தீர்சா கடையிலிருந்து திரும்பியபோது, யூத ஆண்கள் காலை ஜெபத்தில் கையிலும் தலையிலும் வாரால் கட்டிக்கொள்ளும், வேத வாசகச் சுருள்கள் வைத்துத் தைத்த அந்த இரண்டு கறுப்புத் தோல்பெட்டிகளும் பால்கனிக் கொடியில் சட்டைகளுக்கு நடுவே சொட்டிக்கொண்டிருந்தன.

"அழுக்கா இருந்துச்சு. நீ திட்டுவியேன்னு நானே துவைச்சிட்டேன்" என்றார் பெருமையாக.

இஸ்ரேலின் பினே பிராக் ஊரில் முப்பது வருடம் பஸ் ஓட்டிய மனிதர். வெயிலில் தோல் கோணிவிடும் என்று தெஃபிலினை ஒருநாளும் பஸ்ஸில் வைத்ததில்லை. வாரில் கறுப்பு கொஞ்சம் தேய்ந்தாலும் உட்கார்ந்து மை பூசுவார். மூளையைத் தின்னும் நோய் வந்து இரண்டு வருடமாகிறது. இப்போது மகள் பெயரே தெரியவில்லை.

தீர்சா பெட்டிகளைத் துண்டில் சுற்றிக்கொண்டு எல்கானாவிடம் ஓடினாள். அந்தச் சுருள்களை எழுதியவன் அவன்தான். தையலைப் பிரித்து விரித்தான். மை வழிந்து ஊதாக் கறையாகிக் கிடந்தது.

"அழிஞ்ச இடத்துல மட்டும் எழுதிக் குடேன்."

"முடியாதுக்கா. முதல் எழுத்துலேருந்து வரிசையா எழுதினாத்தான் செல்லும். நடுவுல போனது போனதுதான்."

"அப்ப புதுசா எழுது."

எல்கானா மத குருவான ரப்பிக்கு போன் போட்டான். பேசி முடித்தபின் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அண்ணனுக்கு இனிமே இந்தக் கடமையே இல்லையாம்க்கா. புதுசு குடுத்தா அதையும் கழுவிடுவாரு, கடவுள் பேரு எழுதினது. வெறும் பெட்டியைத் தைச்சுத் தரேன், கட்டிக்கட்டும்."

"கடமை இல்லேன்னா? சின்னப் புள்ள மாதிரியா?"

"அப்படித்தான்" என்றான். பிறகு மெல்ல, "அதைக் கட்டும்போது அவர் ஆசி சொன்னா நீங்க ஆமென் சொல்லாதீங்க. வெறும் பெட்டிக்குச் சொல்ற ஆசிக்கு ஆமென் சொல்லக் கூடாது" என்றான்.

கெட்டுப்போன சுருள்களைப் புதைப்பதற்கென்று ஓர் உறையில் போட்டு ஒட்டினான். தீர்சா அதைக் கையில் வாங்கிக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலையில் கெதாலியா சட்டையின் இடக்கையைச் சுருட்டிவிட்டு வெறும் பெட்டியைக் கையில் வைத்தார். ஆசியை ஒரு சொல் பிசகாமல் சொன்னார். தீர்சா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

அவர் வாரை இறுக்கவில்லை. அவளையே பார்த்தபடி நின்றார். கைப்பெட்டிக்கும் தலைப்பெட்டிக்கும் நடுவில் பேசக் கூடாது. அது மட்டும் மறக்கவில்லை. "ம்... ம்..." என்று தாடையை உயர்த்திக் கேட்டார். கல்யாணமான மறுநாளிலிருந்து தினமும் கேட்ட சொல் வரவில்லை. எதிலோ தவறிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, வாரை அவிழ்த்து முதலிலிருந்து கட்டி, மறுபடி ஆசி சொன்னார். கண் கலங்கிவிட்டது.

மூன்றாவது முறை அவர் அவிழ்க்கப்போனபோது தீர்சாவால் தாங்க முடியவில்லை.

"ஆமென்" என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. வாரை இறுக்கி, தலைப்பெட்டியை எடுத்து நெற்றிக்கு மேலே நேராக வைத்துக்கொண்டார். அவள் கத்தியை வைத்துவிட்டு, அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதாள்.