உரிமம் யார் பெயரில்

வங்கி மேலாளர் கடன் மனுவைக் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு வேலுத்தாயிடம் திருப்பித் தந்தார்.

“பட்டாசுத் தொழிலுக்குன்னா லைசென்ஸ் நகல் வேணும்மா. அது இல்லாம நான் எதை நம்பிக் கொடுக்க?”

கலெக்டர் ஆபீஸில் சொன்னது நேர்மாறாக இருந்தது. அறைகளைக் கட்டுங்கள், கம்பிவேலி போடுங்கள், இடிதாங்கியும் தண்ணீர்த் தொட்டியும் வையுங்கள், அதிகாரிகள் வந்து பார்த்த பிறகுதான் லைசென்ஸ் என்றார்கள். கட்டுவதற்குக் கடன் வேண்டும். கடனுக்கு லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்குக் கட்டடம் வேண்டும். 2007 பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அவளும் கணவன் மாரிக்கண்ணனும் எம். புதுப்பட்டிக்கும் விருதுநகருக்கும் பஸ் ஏறி ஏறி ஓய்ந்தார்கள்.

மாரிக்கண்ணன் பதினாறு வருடம் பட்டாசுக் கம்பெனிகளில் வேலை பார்த்தவன். கடைசி ஐந்து வருடம் ஃபோர்மேன். அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர் கரிசலில் நாலு அறை கட்டி, நாளொன்றுக்குப் பதினைந்து கிலோ மருந்துக்கு மேல் போகாத சின்ன லைசென்ஸ் ஒன்று எடுத்துவிட வேண்டும் என்று துடித்தான். பிரதமர் வேலைவாய்ப்புத் திட்டத்தில் கடன் கேட்க அவனுக்கு வயது தாண்டியிருந்தது. பெண்களுக்குச் சலுகை உண்டு, எட்டாவது தேறியிருந்தால் போதும். அதனால் பட்டாவையே வேலுத்தாய் பெயருக்கு மாற்றி, வரைபடம், உறுதிமொழி என்று எல்லாவற்றிலும் அவளையே கையெழுத்துப் போடவைத்தார்கள்.

மே மாதம் லட்சுமிகாந்தம் வீடு தேடி வந்தார். சிவகாசியில் பட்டாசு மொத்த வியாபாரம் செய்பவர்.

“கட்டடத்துக்கு நான் தாரேன். லைசென்ஸ் வந்ததும் மூணு வருசம் நான் நடத்திக்கிடுறேன். மாசாமாசம் உங்களுக்கு வாடகை.”

“எழுதிக்கிடலாமா அண்ணாச்சி?” என்று கேட்டாள் வேலுத்தாய்.

அவர் சிரித்தார். “லைசென்ஸை வாடகைக்கு விட்டா சட்டப்படி தப்பும்மா. அதை எப்படி எழுத? கைமாத்துன்னு மட்டும் ஒரு பத்திரம் போட்டுக்கிடுவோம்.”

மாரிக்கண்ணன் சரி என்று தலையாட்டினான். அன்றே அவள் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். லைசென்ஸ் மனுவின் கடைசிப் பக்கத்தில் இருந்த வரியை அவள் மனப்பாடமாக அறிவாள்: நிபந்தனைகள் மீறப்பட்டால் அதற்கு உரிமம் பெற்றவரே பொறுப்பு. பன்னிரண்டு வருடம் பட்டாசு வேலைக்குப் போனவள் அவள். வெடித்த இடத்துக்கு வரும் போலீஸ் முதலில் எதைக் கேட்கும் என்பதையும் பார்த்திருக்கிறாள். லைசென்ஸ் யார் பேரில்?

ஜூன் கடைசியில் அறைகள் எழும்பி நின்றன. தாசில்தார் அறிக்கை போய்விட்டது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று மட்டும் வரவில்லை. அதற்குள் ஒரு திங்கட்கிழமை காலையில் வேலி வாசலில் வேன் வந்து நின்றது. வெடியுப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். பன்னிரண்டு மூடை.

“லைசென்ஸ் இன்னும் வரலியே” என்றாள்.

“வந்துரும்க்கா. தீவாளி ஆர்டர் காத்திருக்குமா?” என்று டிரைவர் மூடையில் கைவைத்தான்.

வேலுத்தாய் கதவுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். மாரிக்கண்ணன் அவளை ஓரமாகக் கூட்டிப்போனான்.

“ஏ வேலு, அவரு துட்டுலதான் இந்தச் செவரே நிக்கி. திருப்பிக் கேட்டா எங்கன போவ?”

“எங்கனயாவது போவோம். இந்த மூடை உள்ள போச்சுன்னா நான் ஒறங்க மாட்டேன். ஒங்களுக்குத் தெரியாததா? ஃபோர்மேனா இருந்து நீங்க எத்தனை பேரைத் தூக்கிட்டு ஓடியிருக்கீக?”

டிரைவர் லட்சுமிகாந்தத்துக்கு செல்போனில் பேசினான். கொஞ்ச நேரத்தில் வேன் திரும்பிப் போய்விட்டது. பல நாட்களுக்குப் பிறகு வேலுத்தாய் வயிறாரச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி வெள்ளிக்கிழமை வரைதான் இருந்தது. மகளிர் குழுக் கூட்டத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாலம்மாள், தன் இடத்தில் வேலை மும்முரமாக நடப்பதாகச் சொன்னாள். பாலம்மாள் புருஷனை இழந்தவள். போன வருடமே லைசென்ஸ் வாங்கி, நாலு அறையையும் லட்சுமிகாந்தத்திடம் விட்டிருந்தாள்.

“திங்கக்கிழமை பன்னெண்டு மூடை கூடுதலா வந்து எறங்கிருக்கு வேலு. எங்கயோ போகவேண்டிய லோடாம்.”

வேலுத்தாய் அவள் பக்கம் திரும்பினாள். “எத்தனை பேரு மதினி வேலை பாக்குறாக?”

“எனக்கென்ன தெரியும்? நான் அங்கிட்டுப் போறதே இல்ல” என்று பாலம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் மதியம் வேலுத்தாய் ஆனைக்குட்டம் பாதையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, பாலம்மாளின் இடத்துக்கு நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நாலு அறை, அறைக்கு நாலு பேர், மொத்தம் பதினாறு பேருக்குத்தான் அனுமதி. அவள் வேலிக்கு வெளியே நின்று எண்ணினாள். வேப்பமரத்தடியில் மட்டும் பதினெட்டுப் பேர் சாக்கை விரித்து உட்கார்ந்து மருந்து அடைத்துக்கொண்டிருந்தார்கள். அறைகளுக்குள் இன்னொரு பதினெட்டு. வெளியே ஓட வேண்டிய வாசலை அட்டைப்பெட்டிகள் மறித்திருந்தன. பாதையோரத்தில், மனிதர்கள் நடக்கும் இடத்தில், சின்னச் சின்ன உருண்டைகளாக உருட்டிய மணிமருந்து காய்ந்துகொண்டிருந்தது. ஒரு பெண் செருப்போடு அதைத் தாண்டிப் போனாள். ஒரு உரசல் போதும்.

அங்கிருந்த ஃபோர்மேனைக் கூப்பிட்டு, பாதையில் காயும் மருந்தை எடுக்கச் சொன்னாள். அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

“நேத்துக் கலந்த மருந்து மிச்சமிருக்கா?” என்று கேட்டாள். ஈரம் பட்ட அலுமினியக் கலவை தானாகவே சூடேறும் என்பதை மாரிக்கண்ணன் வீட்டில் நூறு தடவை சொல்லியிருக்கிறான்.

“ரெண்டு சட்டி இருக்கு. இப்ப தீந்துரும். நீங்க யாரு, இன்ஸ்பெக்டரா?”

அவள் திரும்பி நடந்தாள். பின்னால் ஏதோ தகரம் விழுந்த சத்தத்துக்கு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் பார்த்தபோது எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தப் பன்னிரண்டு மூடையை அவள் தன் வாசலிலிருந்துதான் விரட்டினாள். அது எங்கே போகும் என்று அவள் கேட்கவே இல்லை.

பஸ் நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் ஒரு ரூபாய்த் தொலைபேசி இருந்தது. தீயணைப்பு நிலைய எண் அவளுடைய மனு நகலிலேயே இருந்தது. ரிசீவரை எடுத்தாள், வைத்தாள். பாலம்மாள் முகம் வந்தது. லட்சுமிகாந்தம் முகம் வந்தது. வேப்பமரத்தடியில் இருந்தவர்கள் முகம் ஒன்றுகூடத் தெளிவாக வரவில்லை. குனிந்த தலைகள்தான் தெரிந்தன. காசைப் போட்டாள். பெயர் சொல்லாமல் இடத்தை மட்டும் சொன்னாள்.

அன்று சாயங்காலமே அதிகாரிகளின் ஜீப்புகள் அங்கே போயின. வெடிக்கவில்லை, யாருக்கும் கீறல்கூட இல்லை. சட்டிகளில் இருந்த மருந்தைத் தண்ணீர் ஊற்றாமல் மணலில் பரப்பி அழித்தார்கள், அறைகளுக்குச் சீல் வைத்தார்கள், பாலம்மாளை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். லட்சுமிகாந்தத்தின் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.

மூன்றாம் நாள் அவர் வேலுத்தாய் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார்.

“ஒரு பொம்பளை வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சாம். நேத்துக் கலந்த மருந்து மிச்சமிருக்கான்னு கேட்டுச்சாம்” என்று மாரிக்கண்ணனைப் பார்த்துச் சொன்னார். “யாருன்னு கண்டுபிடிக்க எம்புட்டு நேரம் ஆகும் எனக்கு?”

மாரிக்கண்ணன் மனைவியைப் பார்த்தான். அவளிடம் அவன் எதுவும் கேட்டிருக்கவில்லை. இப்போது எல்லாம் புரிந்துவிட்டது. அவரிடம் நிதானமாகச் சொன்னான்.

“ஒங்க பாக்கியை ஆவணிக்குள்ள தந்திருவோம் அண்ணாச்சி. அரை ஏக்கரை வித்துத் தாரோம். லைசென்ஸ் எங்களுக்கு வேணாம்.”

அவர் எழுந்து வாசலில் ஒரு கணம் நின்று வீட்டை அளப்பதுபோலப் பார்த்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒரு மாதம் வேலுத்தாய் வண்டிச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்தினாள்.

நிலத்தை விற்றார்கள், கணக்கை முடித்தார்கள். லைசென்ஸ் மனுவை வாபஸ் வாங்கிவிட்டு, அதே நாலு அறையில் பட்டாசுக்கான காகிதக் குழாய் சுற்றப்போவதாக மாவட்டத் தொழில் மையத்தில் புது மனு கொடுத்தாள். மருந்து இல்லாத வேலை. பஞ்சாயத்து அனுமதியும் சிறுதொழில் பதிவும் போதும். ஐப்பசியில் அதே வங்கி மேலாளர் கடன் கொடுத்தார். ஆறு பெண்கள் வேலைக்கு வந்தார்கள்.

பாலம்மாள் தை மாதம் வந்தாள். வழக்கு இன்னும் நடந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்கு அலைந்து ஆள் பாதியாகியிருந்தாள். பசை காய்ந்த குழாய்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“நீதான போன் போட்ட?”

பொய் சொல்லிவிடலாம் என்று வேலுத்தாய்க்குத் தோன்றியது.

“ஆமா மதினி. நான்தான்.”

பாலம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று வேலுத்தாய் நின்றாள்.

“முப்பத்தாறு பேரு. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச?” என்றாள் பாலம்மாள் மெதுவாக. “அங்கிட்டுப் போகத்தான் மாட்டேன். ஆனா தெனமும் சாயங்காலம் வேலையாளுக பஸ்ஸு எங்க தெருவைத் தாண்டிப் போறவரைக்கும் அடுப்புப் பத்தவைக்க மாட்டேன். தீக்குச்சி கிழிச்சா அங்க வெடிச்சிருமோன்னு பயம். ஒரு வருசம் இப்படித்தான் இருந்தேன்.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே மதினி.”

“சொல்லி?” பாலம்மாள் அவளைப் பார்த்தாள். “கையெழுத்து என்னோடதுல்ல.”

அவள் விடைபெறாமல் வேலியைத் தாண்டி நடந்தாள். வேலுத்தாய் பின்னாலேயே ஓடிப் போய், வேலைக்கு வருகிறாயா என்று கேட்டாள். பாலம்மாள் குழாய்கள் காயும் அறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சாத்தூர் பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.