கதவு திறப்பவரின் இருக்கை

2018ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. தென்னாப்பிரிக்காவின் அப்பிங்டன் நகரத்து ஹெஸ்டர் கொட்ஸேவுக்கு ஒரு குறை இருந்தது. மணமான நாள்முதல் கணவனின் வண்டிக்குக் கதவு திறந்து வருபவள் அவளே. அவன் ஒருமுறையேனும் இறங்கியதில்லை.

இங்குக் கதவு என்பது வண்டிக்கதவு அன்று. பண்ணைச் சாலைகளின் குறுக்கே ஆடுமாடுகளை மறித்து நிற்கும் கம்பிக்கதவு. ஓட்டுபவர் இறங்குவதில்லை. பக்கத்து இருக்கையில் இருப்பவரே இறங்கித் திறக்க வேண்டும்; வண்டி கடந்தபின் சாத்திவிட்டு ஓடிவந்து ஏற வேண்டும். கலஹாரிப் பாலைநிலத்தில் இது எழுதாத சட்டம். அந்தச் சட்டத்தோடு அவள் கணவன் தியூனிஸ் தன் கைச்சரக்கையும் சேர்த்திருந்தான். மனைவி வந்து கைப்பிடியைத் தொடும் வேளையில் வண்டியை ஓர் ஆள் நீளம் முன்னே நகர்த்துவான். அவள் மறுபடி தொட்டால் மறுபடி நகர்த்துவான். பிறகு வயிறு குலுங்கச் சிரிப்பான். முதலாண்டில் அவளும் சிரித்தாள்.

அவளுக்கு ஓட்டத் தெரியாதோ என்று எவரும் ஐயுற வேண்டா. பண்ணைப் பிள்ளைகளைச் சரளைச் சாலையில் பள்ளிக்கு ஏற்றிச்சென்ற பேருந்தை, ஓய்வுபெறும்வரை ஓட்டியவள் அவள்.

இவ்வாண்டு, அங்கே ஜூனில் தொடங்கும் குளிர்காலத்தில், இரண்டு வண்டிகள் புறப்படவிருந்தன. போட்ஸ்வானாவின் உப்புவெளிகளைக் கடந்து சாம்பேசி ஆறுவரை செல்வது திட்டம். ஒரு வண்டி தியூனிஸுடையது. மற்றொன்று அவன் தங்கை நெல்லாவும் அவள் கணவன் கூஸும் வருவது. தார்ச்சாலையில் போவது கோழைத்தனம் என்று தியூனிஸ் கருதியதால், வழி முழுதும் மண்சாலையாகவே தேர்ந்திருந்தான். மண்சாலை என்றால் கதவுகள்; கதவுகள் என்றால் ஹெஸ்டர்.

இக்குடும்பத்தில் ஒவ்வொரு பயணத்துக்கும் முன் ஓர் ஒத்திகை நடக்கும். தண்ணீர்த் தொட்டி, கூரைக்கூடாரம், குளிர்பெட்டி, விறகு என்று எல்லாவற்றையும் ஏற்றி, கூஸின் பண்ணைக்குப் பின்னாலுள்ள செம்மணல் மேட்டில் வண்டியை ஏற்றிப் பார்ப்பார்கள். எந்த வண்டி புதைகிறதோ, அதை ஓட்டியவர் சாவியைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பயணம் முடியும்வரை திரும்பக் கேட்கக் கூடாது. இதை இயற்றியவன் தியூனிஸ். கூஸை நையாண்டி செய்யவே இயற்றினான். கூஸும் உடனே புதைந்தான். அன்றுமுதல் ஒவ்வொரு பயணத்திலும் நெல்லா ஓட்டுகிறாள். கூஸ் கதவு திறக்கிறான்.

தியூனிஸ் மட்டும் புதைந்ததே இல்லை. காரணம் அவனது கால். மணலில் ஏறுமுன் டயரில் காற்றைக் குறைக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு குறைப்பது என்பதற்கு மற்றவர்கள் காற்றழுத்தம் காட்டும் அளவி வைத்திருந்தார்கள். தியூனிஸ் உதைத்துப் பார்ப்பான். விரல் வலித்தால் காற்று மிகுதி. வலிக்காவிட்டால் மணலுக்குப் போதும். அவனுடைய பழைய மென்தோல் காலணிக்குள் அந்தக் கணக்கு பிழைத்ததே இல்லை. நெல்லா பரிசளித்த அளவி உறைகூடப் பிரிக்கப்படாமல் வண்டிக்குள் கிடந்தது.

ஹெஸ்டர் இதைப் பல்லாண்டுகளாகக் கவனித்து வந்தாள். அந்தக் காலணிகளில் ஒன்றன் அடித்தோல் சென்ற மாதம் பிளந்தபோது, விவசாயிகள் கூட்டுறவுக் கடைக்குச் சென்று புதிய பூட்ஸ் வாங்கினாள். உலோகம் வெட்டுபவர்கள் அணியும் பூட்ஸ் அது. விரல்பகுதியில் எஃகுக் குமிழ் பதித்தது. முதலில் தன் அளவில் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கடைமுற்றத்தில் நின்ற பாரவண்டியின் டயரை ஓங்கி ஓர் உதை விட்டாள். ஒன்றும் வலிக்கவில்லை. மனநிறைவோடு கணவன் அளவில் ஒரு சோடி வாங்கினாள்.

சனிக்கிழமை காலை, மணல்மேட்டின் அடியில் உறைபனி இன்னும் கரையாதிருந்தது. கூஸ் காப்பி ஊற்றிக் கொடுத்தான்.

"மச்சான், புது பூட்ஸு பளபளன்னு இருக்கே. கல்யாணத்துக்குப் போறியா, சாம்பேசிக்குப் போறியா?"

"பொண்டாட்டி வாங்கிக் குடுத்தது. உனக்கு யாரு வாங்கித் தர்றா? கதவு திறக்கிறவனுக்குச் செருப்பே அதிகம்."

"எங்க அண்ணனுக்கு வாய் மட்டும் எப்பவும் நாலு சக்கரத்துல ஓடும்" என்றாள் நெல்லா.

தியூனிஸ் குனிந்து காற்றைத் திறந்துவிட்டான். சற்றுநேரம் சீறியது. உதைத்தான். வலிக்கவில்லை. முகம் மலர்ந்தது.

"வெண்ணெய் மாதிரி இருக்கு."

ஹெஸ்டர் வண்டிக்குள்ளிருந்து அளவியை எடுத்து, எல்லார் கண்ணிலும் படும்படி நீட்டினாள்.

"தியூனிஸ், ஒரு தடவை இதையும் வச்சுப் பாத்துடேன்."

"அதெல்லாம் தன் கால நம்பாதவங்களுக்கு."

"சரி. நான் கேட்டேன்ல? நெல்லா, நான் கேட்டேனா இல்லையா?"

"கேட்டீங்க அண்ணி. நான் சாட்சி."

அவளிடம் வஞ்சனை இல்லை என்பதை இவ்விடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். அவள் பொய் சொல்லவில்லை, எதையும் ஒளிக்கவில்லை, உண்மையை உறையோடு கையில் ஏந்தி நின்றாள். மறுத்தவன் அவன்.

வண்டி உறுமிக்கொண்டு மேட்டின் பாதிவரை ஏறியது. அங்கே பின்சக்கரங்கள் சுழன்றன. செம்மணல் வாலாகப் பறந்தது. தியூனிஸ் இன்னும் அழுத்தினான். சக்கரம் இன்னும் தோண்டியது. விறகும் தண்ணீரும் கூடாரமுமாக வண்டி பின்பக்கம் அமிழ்ந்து, முட்டையிட உட்கார்ந்த தீக்கோழிபோல் அசையாமல் நின்றது.

பிறகு கூஸ் மெல்லக் கேட்டான்.

"மச்சான், வெண்ணெய் உருகிடுச்சா?"

தியூனிஸ் இறங்கினான். டயரை உதைத்தான். வலிக்கவில்லை. வேறொரு டயரை உதைத்தான். அதுவும் வலிக்கவில்லை. பாறைபோல் விறைத்திருந்த டயரைக் கையால் அழுத்தினான். பிறகு குனிந்து, தன் பூட்ஸின் முனையைச் சுண்டிப் பார்த்தான். 'ணங்'கென்றது.

மனைவியை நிமிர்ந்து பார்த்தான்.

"இந்த பூட்ஸ எதுக்கு வாங்கினே?"

"உன் விரலுக்கு வலிக்கக் கூடாதுன்னுதான்."

"இரும்பு போட்டதா பாத்து வாங்கினியா?"

"வழி பூரா உனக்கு இறங்கி ஏறுற வேலை இருக்குமே. நல்லதா இருக்கட்டும்னு நெனச்சேன்."

நெல்லா சிரிப்பை அடக்கக் காப்பியை விழுங்கினாள், புரையேறியது. தியூனிஸின் வாய் ஏதோ சொல்லத் திறந்தது. ஆனால் சட்டம் அவனுடையது. கூஸின் தலையில் அதை ஏற்றிவைத்தவனும் அவனே. மணல்மேட்டில் நின்று சொந்தச் சட்டத்தைத் தின்பது கடினம். பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினான்.

ஹெஸ்டர் அளவியின் உறையைப் பிரித்தாள். நான்கு டயர்களிலும் அளந்து காற்றை இறக்கினாள். மண்வெட்டியைக் கணவனிடம் கொடுத்து, சக்கரங்களின் முன்னும் பின்னும் மணலை வாரச் சொன்னாள். ஸ்டியரிங்கின் பின்னால் ஏறி அமர்ந்து, இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். வண்டி மெதுவாகப் பின்வாங்கி மேட்டின் அடிக்கு வந்தது. ஒரே சீரான வேகத்தில் ஏறி, உச்சியைக் கடந்து மறுபக்கம் இறங்கியது.

வீடு திரும்பும் வழியில் முதற்கதவு வந்தது. வண்டி நின்றது. ஹெஸ்டர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெருமூச்சு ஒன்று கேட்டது. தியூனிஸ் இறங்கினான். எஃகு பூட்ஸ் மணலில் ஆழப் புதைய, நடந்துபோய்த் திறந்தான். வண்டி கடந்தது. அவன் கம்பியை இழுத்து மாட்டிவிட்டு, மூச்சிரைக்க வந்து கைப்பிடியைத் தொட்டான்.

வண்டி ஓர் ஆள் நீளம் முன்னே நகர்ந்தது.

"ஹெஸ்டர், இது நியாயமில்ல."

"அப்படியா? நான் இத்தனை வருஷமா இத வேடிக்கைன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

அவன் மறுபடி தொட்டான். வண்டி மறுபடி நகர்ந்தது. பின்னால் வந்த வண்டியில் கூஸ் கைதட்டினான்.

சாம்பேசிவரை இன்னும் எத்தனையோ கதவுகள் உள்ளன. தியூனிஸின் கதையை அவற்றிடம் விட்டுவிடலாம். இதைப் படிக்கும் நீங்கள் எந்த இருக்கையில் அமர்ந்திருக்கிறீர்கள் என்பதே கேள்வி. ஓட்டும் இருக்கையில்தான் என்றால், டயரை உதைப்பதை நிறுத்துங்கள். சாவியைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுங்கள். அடுத்த கதவு வந்ததும் இறங்கித் திறவுங்கள். திறந்ததைச் சாத்தவும் செய்யுங்கள்.