முதலைக்கு வெள்ளைப் பல்

கோயிலில் பிள்ளைகளுக்கு நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பை ரிஷ்மா இரண்டு வாரத்துக்கு என்றுதான் ஒப்புக்கொண்டாள். அதுவரை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண் வேறு ஊருக்குக் குடிபோய்விட்டாள். "வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் பாத்துக்கம்மா" என்றார் கோயில் பூசாரியான மாமனார் பண்டித் திவாரி. அது நடந்து இந்த அக்டோபரோடு நான்கு வருடம். வேறு ஆளை யாரும் தேடியதாக அவளுக்கு நினைவில்லை.

நெதர்லாந்தில் தி ஹேக் நகரத்துச் சந்தைக்குப் பின்தெருவில் இருந்த பழைய பள்ளிக்கூடக் கட்டடம்தான் அவர்களுடைய கோயில். கீழே பூஜைக்கூடமும் வகுப்பறையும், மாடியில் வீடு. வீட்டுக்கென்று தனி வாசல் கிடையாது. பால் வாங்கப் போவதானாலும் கூடத்தைக் கடந்துதான் போகவேண்டும். அங்கே எந்நேரமும் நாலு பெரிய மனுஷிகள் சுரிநாம் நாட்டுப் பரமரிபோவில் விட்டுவந்த வீடுகளைப் பற்றிப் பேசிக்கொண்டு திரி திரித்துக்கொண்டிருப்பார்கள். "எங்கம்மா கிளம்பிட்ட?" என்று கேட்பார்கள். அன்பாகத்தான் கேட்பார்கள். ஒருமுறை ரிஷ்மா பழைய சிநேகிதி ஒருத்தியோடு சந்தையில் நின்று பொரித்த மீன் தின்றாள். அவள் வீடு வந்து சேர்வதற்குள் மாமியார் கலாவதிக்கு மூன்று போன் வந்துவிட்டது.

கல்யாணத்துக்கு முன்னால் ஐந்து வருடம் அவள் டிராம் ஓட்டியவள். கல்யாணமாகி ஒரு மாதத்தில் வேலைக்குத் திரும்புவதாகத்தான் பேச்சு. மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் வந்தது. பிறகு வகுப்பு வந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை, யாரும் குரலை உயர்த்தவில்லை. "எங்க ரிஷ்மா இல்லேன்னா இந்தக் கோயிலே இல்ல" என்று சொல்லி வருடா வருடம் தீபாவளி மேடையில் சால்வை போட்டார்கள். அவளும் தலை குனிந்து வாங்கிக்கொண்டாள்.

இந்த அக்டோபரில் டிராம் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஓட்டுநர்கள் போதவில்லை, முன்பு ஓட்டியவர்கள் திரும்பி வரலாம், நவம்பரில் பயிற்சி தொடங்கும், ஒன்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கும், சம்மதமென்றால் அடியிலுள்ள சீட்டை நிரப்பி அனுப்பவும். கணவன் ரவீனிடம் காட்டினாள். அவன் இரண்டு முறை படித்துவிட்டு, "தீபாவளி முடியட்டுமே" என்றான். கடிதத்தைக் கொண்டுபோய் வகுப்பறை அலமாரியில் கலர் காகிதங்களுக்கு அடியில் வைத்தாள். அந்தக் கட்டடத்தில் அவளைத் தவிர வேறு யாரும் திறக்காதது அது ஒன்றுதான்.

கடிதம் வந்த பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை. அவளை அக்கா என்ற பொருளில் 'தீதி' என்று கூப்பிடும் இருபத்தொரு பிள்ளைகள் வந்திருந்தார்கள். காலையில் எழுந்ததும் உள்ளங்கையைப் பார்த்துச் சொல்லும் சுலோகத்தை முதலில் சொல்லவைத்தாள். அன்று காலை ஆறு மணிக்கு எழுந்து அவளே மனப்பாடம் செய்தது அது. பிறகு கஜேந்திரன் கதை. சாம்பல் நிறம் பூசிய காகிதத் தட்டுகளில் யானை, முட்டை அட்டைகளில் முதலை. கை வேலை செய்ய, காது கதை கேட்டது.

"அப்ப தண்ணிக்குள்ளேருந்து முதலை வந்து காலைக் கவ்விடுச்சு. யானை இந்தப் பக்கம் இழுக்குது, முதலை அந்தப் பக்கம் இழுக்குது. ஆயிரம் வருஷம் இழுத்தாங்களாம்."

"ஆயிரமா!" என்றான் நிவேஷ். ஏழு வயசு, முன்பல் இரண்டு இல்லை. "அவன் வீட்ல உள்ளவங்க என்ன செஞ்சாங்க தீதி?"

"கொஞ்ச நாள் அவங்களும் பிடிச்சு இழுத்தாங்க. அப்புறம் முடியல, விட்டுட்டுப் போயிட்டாங்க."

"அவன் கத்தவே இல்லையா?"

"கடைசியிலதான் பகவானைக் கூப்பிட்டான்."

"ஏன் கடைசியில? முத நாளே கூப்பிட்டிருந்தா முத நாளே வந்திருப்பாருல்ல?"

அதற்குப் புத்தகத்தில் பதில் இருந்தது. தன் பலத்தின்மேல் அவனுக்கிருந்த கர்வம் என்று போட்டிருந்தது. ரிஷ்மா அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "தெரியலப்பா. நாளைக்கு விட்டுடும், நாளைக்கு விட்டுடும்னு நெனச்சிருப்பான்" என்றாள்.

"மக்கு யானை" என்றான் நிவேஷ். பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலி ஒன்றில் உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே உட்கார்ந்தபோதுதான் இஷானியின் முதலையைப் பார்த்தாள். மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு நீளம். வாய் நிறையப் பல். கெட்டியான, வழவழப்பான வெள்ளைத் தாளில் கூர்மையாக வெட்டிய பற்கள். ஒவ்வொரு பல்லிலும் எழுத்து இருந்தது.

"இஷானி, இந்தத் தாளை எங்கேருந்துடா எடுத்த?"

"அலமாரியில தீதி. வெள்ளை தீந்துபோச்சு. இது மட்டும் அடியில ஒளிஞ்சுக்கிட்டு இருந்துச்சு." அவளுக்கு ஒரே பெருமை. "நல்லா இருக்குல்ல?"

"ரொம்ப நல்லா இருக்கு" என்றாள் ரிஷ்மா.

பெற்றோர்கள் வந்துவிட்டார்கள். பிரசாதத் தட்டோடு பண்டித்ஜியும் வந்துவிட்டார். ஒவ்வொரு பிள்ளையின் வேலையையும் எடுத்துப் பார்த்து இரண்டு வார்த்தை பாராட்டுவது அவர் வழக்கம். இஷானியின் முதலையைக் கையில் வாங்கினார். கண்ணாடியை மூக்கில் இறக்கினார். ஒரு பல்லில் 'திருமதி ரிஷ்மா திவாரி' என்று முழுதாகவே இருந்தது. பக்கத்துப் பல்லில் 'மீண்டும் ஓட்டுநராக'. அவர் எல்லாப் பல்லையும் பொறுமையாகப் படித்தார். பிறகு, "பலே, பயங்கரமான முதலை!" என்று சொல்லி இஷானியின் உள்ளங்கையில் மோகன்போக் இனிப்பை வைத்தார்.

மத்தியானம் சாப்பாட்டு மேசையில் ரொட்டியும் பூசணிக்காயும் பாதி தீரும்வரை பேச்சில்லை.

"அந்தக் கடுதாசி வந்து எத்தனை நாளாச்சு?" என்றார் பண்டித்ஜி.

"பதினோரு நாள், பாபூஜி."

"அலமாரியிலயா வச்சிருந்த?"

"இந்த வீட்ல வேற எங்க வைக்கிறது?"

அவர் மகனைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

ரவீன் தட்டைப் பார்த்தபடி, "தீபாவளி முடியட்டும்னு நான்தான் சொன்னேன்" என்றான்.

கலாவதிக்குப் பொறுக்கவில்லை. "பண்டித் வீட்டு மருமக டிராம் ஓட்டுறதா? ஜனங்க என்ன பண்ணுவாங்க?"

"டிக்கெட் எடுத்துட்டு ஏறுவாங்க, மாயி."

ரவீனுக்குப் புரையேறியது. பண்டித்ஜி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "நான் போகாதேன்னு சொல்லமாட்டேன். ஞாயித்துக்கிழமை எனக்குக் கல்யாணம், ஹோமம்னு இருக்கும், வகுப்பெடுக்க முடியாது. அதனால வகுப்ப மூடிடலாம். பெத்தவங்ககிட்ட மட்டும் நீயே சொல்லிடு."

அவ்வளவுதான். அவர் எழுந்து கைகழுவப் போய்விட்டார்.

ரிஷ்மா கீழே போய் வகுப்பறையைப் பெருக்கினாள். பசை ஒட்டிய தரையில் துடைப்பம் நகரவில்லை. அவர் திட்டியிருந்தால் திருப்பிக் கேட்டிருக்கலாம். அவளுக்குக் கடவுள் நம்பிக்கை எவ்வளவு என்று அவளுக்கே தெரியாது. ஆனால் கதை சொல்லும்போது இருபத்தொரு வாய்கள் ஒரே நேரத்தில் திறப்பது பிடித்திருந்தது. அதைப் பிடிக்காமல் ஆக்கிக்கொள்ள இந்த நான்கு வருடத்தில் எத்தனையோ தடவை முயன்று பார்த்திருக்கிறாள்.

இஷானி முதலையை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டதால் சீட்டு கிடையாது. திங்கட்கிழமை காலை, எல்லோருக்கும் கேட்கும்படி, மாடிப்படியில் நின்றுகொண்டே கம்பெனிக்குப் போன் செய்தாள். கடிதம் என்ன ஆயிற்று என்று சொன்னதும் அந்தப் பக்கத்துப் பெண் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. "பரவாயில்ல, பேரை இப்பவே எழுதிக்கிறேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு பெற்றோர்கள் வந்தபோது ரிஷ்மா வாசலை மறித்து நின்று சொன்னாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என்னால் வர முடியாது, வேலைக்குப் போகிறேன், வேறு ஆள் இல்லையென்றால் வகுப்பு நின்றுவிடும். எல்லோரும் ஒரேயடியாகப் பேசினார்கள்.

"ஐயோ, நீங்க இல்லாம எப்படி தீதி?"

"எங்க பையன் உங்க ஒருத்தர் பேச்சுதானே கேக்கறான்!"

இஷானியின் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டாள். அந்தக் கை சூடாக, இறுக்கமாக இருந்தது. சரி, வேண்டாம், போகவில்லை என்ற சொல் ரிஷ்மாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"வாரம் விட்டு வாரம்னா நான் எடுக்கறேன்" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. நிவேஷின் அப்பா பூலாய், பஸ் மெக்கானிக். வகுப்பு முடியும்வரை நடையில் நின்று போனில் கால்பந்து பார்க்கிறவர். "வெட்டி ஒட்ட வரும். கதையைப் படிச்சுக்குவேன். சுலோகம் ஒண்ணுகூடத் தெரியாது."

"எனக்கும் தெரியாது அண்ணா" என்றாள் ரிஷ்மா. "காலையில ஆறு மணிக்கு எந்திரிச்சு உருப்போடறேன்."

பண்டித்ஜி கூடத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று மாலை அவர் சொன்னது ஒன்றே ஒன்று. டிராம் கம்பெனிச் சீருடையோடு பூஜைக்கூடத்தைக் கடக்கக் கூடாது. போக வேறு வாசல் இல்லையே என்று அவள் கேட்கவில்லை. நீளமான கோட்டு ஒன்று வாங்கினாள்.

பயிற்சி முடிந்து ஜனவரியில் முதல் ஞாயிற்று ஷிஃப்ட். கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கூடத்தில் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது, கோட்டுக்குள் வியர்த்தது. வகுப்பறைக் கதவு பாதி திறந்திருந்தது. பூலாய் கோவர்த்தன மலை கதை சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணன் மலையை ஜாக்கி வைத்துத் தூக்கினானா என்று எவனோ கேட்க, அவர் அதற்குத் தீவிரமாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாம் தப்பு. ரிஷ்மாவின் கை கதவுப்பிடிவரை போய்விட்டது. உள்ளே போனால் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம். ஐந்து நிமிடம் எவ்வளவு நீளும் என்று அவளுக்குத் தெரியும்.

"எங்கம்மா கிளம்பிட்ட?" என்றாள் திரி திரித்துக்கொண்டிருந்த கிழவிகளில் ஒருத்தி.

யாராவது கேட்டால் அம்மா வீட்டுக்கு என்று சொல்லும்படி மாமியார் முந்தின நாளே சொல்லியிருந்தாள்.

"வேலைக்கு, சாச்சி."

"ஞாயித்துக்கிழமையிலயா? என்ன வேலை?"

"டிராம் ஓட்டறேன்."

கிழவியின் கையில் திரி அப்படியே நின்றது. அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் மாடிப்படியைப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும், ராத்திரி சாப்பாட்டு மேசையில் மறுபடியும் அந்த மௌனம் உட்கார்ந்திருக்கும், அடுத்த ஞாயிறு இதே கூடத்தில் அவள் தலைக்குத் துணி போட்டுக்கொண்டு பிள்ளைகளுக்குப் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருப்பாள். இதெல்லாம் அவளுக்குத் தெரிந்தேயிருந்தது.

ரிஷ்மா செருப்பு அடுக்கிலிருந்து தன் கறுப்பு ஷூவை எடுத்து, படியில் உட்கார்ந்து, அவசரமில்லாமல் நாடா கட்டினாள்.